அணைக்காமல் செத்த கம்ப்யூட்டர்

பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாளும் விழுந்தது. திருப்புளி என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் விரலிடுக்கில் இருக்கிற குட்டி ஆணி உருண்டு மேஜைக்கடியில் போகும். அதைத் தேடிக் குனிந்தால், முதுகுக்குப் பின்னால் கடப்பாரையோடு நிற்கிறவன் என்ன செய்கிறான் என்பது தெரியாமல் போகும்.

"கதவு எதுக்கு சார்? கொஞ்சம் காத்து வரட்டுமே."

"தூசி வரும்," என்றார் மேனேஜர்.

"தூசி ஏற்கெனவே உள்ளேதான் குடியிருக்கு. நீங்க வாடகையே வாங்கலாம்."

மேனேஜர் சிரிக்கவில்லை. கடப்பாரைக்காரனும் சிரிக்கவில்லை. பயம் வந்தால் சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு நேர்மாறு. வாய் தானாக ஓட ஆரம்பித்துவிடும், பிரேக் பிடிக்காத சைக்கிள் போல. இப்போது அது இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

கல்குவாரியின் எடைமேடை அறை அது. வெளியே இரும்பு மேடையில் லாரி ஏறி நிற்கும். எடை உள்ளே கம்ப்யூட்டரில் விழும். லாரிகள் வந்து வரிசை கட்டி நிற்கின்றன, கம்ப்யூட்டர்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. நாலு பேர் நின்றால் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்க வேண்டிய அளவு அறை. பக்கத்திலேயே கல் அரைக்கிற மெஷின் ஓடியதால் தரை, மேஜை, அவளுடைய பல் வரிசை எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து எடை போட்டவனைத்தான் முந்தாநாளிலிருந்து காணோம்.

நேற்று அவனுடைய அக்கா துப்பறியும் அலுவலகத்தின் படியேறி வந்தாள். கட்டடங்களில் கல் சுமக்கிறவள். காய்ந்த சிமெண்டு முழங்கை வரை ஒட்டியிருந்தது. "லீவு நாள்தான். விட்டுப்போன வேலையை முடிச்சிட்டு வந்துடறேன்னு போனான். வரல. குவாரியில கேட்டா, கம்ப்யூட்டரை நாசம் பண்ணிட்டு ஓடிட்டான்னு சொல்றாங்க. ஸ்டேஷன்ல கேட்டா, வயசுப் பையன்தானே, எவ கூடயாவது போயிருப்பான்னு சிரிக்கிறாங்க. அவனா மெஷினைக் கெடுப்பான்? வீட்டுல டிவியை அணைச்சிட்டுப் படுத்தவன், மறுபடி எந்திரிச்சு வந்து சரியா அணைஞ்சிருக்கான்னு பார்த்துட்டுப் போவான்." சொல்லி முடிக்கிறவரை அவள் அழவில்லை. முடித்ததும், "உசுரோட இருக்கானா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க," என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குவாரிக்காரர்கள் ரிப்பேருக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் துப்பறிகிறவர் ஒரு வேஷம் கட்டினார். கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகிக்கொண்டு திரிந்து அந்தப் பெயரையே வாங்கிய உதவியாளர்தான் மெக்கானிக். துப்பறிகிறவர் அவளுக்குப் பை தூக்கும் ஆள். அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தவள் அவள்தான். ஒரு வார்த்தை வாங்க வேண்டுமென்றால் சாவி போட்டுத் திருக வேண்டிய மனுஷர். அக்காவை வேனிலேயே உட்காரவைத்து, வேனை வாசலுக்கு வெளியே வளைவில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் மேனேஜர் கேட்ட முதல் பொருள் போன். கதவோரம் ஆணியில் தொங்கிய தகர டப்பாவைக் காட்டினார். "அணைச்சு இதுல போடு."

"டப்பாவுக்குள்ள போட்டா என் போன் மூச்சு முட்டிச் செத்துடும் சார்."

"வெடி வைக்கிற எடம்மா இது. வெடிக்கு முன்னாடி சங்கு ஊதினா எல்லாரும் போனை அணைச்சு இதுல போடணும். மெயினை இறக்கணும். யு.பி.எஸ்ஸையும் அணைக்கணும். எந்தக் கம்பியிலயும் கரண்ட் இருக்கக் கூடாது, பாறைக்குள்ள வச்ச வெடித் தோட்டா அதை மோப்பம் பிடிச்சிட்டா அவ்வளவுதான். தகர ஜன்னலைச் சாத்திட்டு ஓடிப் பதுங்கணும். சின்னப் புள்ளைக்குக்கூட இங்கே இது பாடம்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதே. வெடிக்கு அனுமதியை நிறுத்தி வச்சிருக்காங்க. இந்த மாசம் இங்கே பட்டாசு கூட வெடிக்கல," என்றார்.

டப்பாவுக்குள் ஏற்கெனவே நீல உறை போட்ட ஒரு போன் கிடந்தது.

"அது அந்த ஓடிப்போன நாயோடது. எங்கே இருக்கான்னு யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு விட்டுட்டுப் போயிருக்கான்," என்றார் மேனேஜர்.

பூட்டு அந்த நீல போனைப் பார்த்தார். தன் போனை அதன் பக்கத்தில் மெதுவாக வைத்தார், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் இன்னொன்றைக் கிடத்துவது போல.

இப்போது அவர் மேஜைக்கு அடியில் கிடந்தார், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு. திருப்புளிக்கு அந்தப் பயத்திலும் ஒரு அல்ப சந்தோஷம்.

"பெரியவரே, அந்த வயரை ஒழுங்காப் பிடிங்க. காலையில சாப்பிட்டீங்களா இல்லையா?"

"சாப்பிட்டேங்க மேடம்."

"சாப்பிட்ட தெம்பு கையில தெரியலையே."

திரையில் கறுப்பு. நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: இயங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று இங்கிலீஷில். அவள் தன் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினாள். விசிறி சுழன்றது. உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்கைச் சோதித்தாள். அது கல்லு மாதிரி இருந்தது.

"டிஸ்க் உடையல சார்," என்றாள்.

மேனேஜர் அவள் தோளுக்கு மேல் குனிந்தார். அவருடைய வேர்வை வாடை வந்தது. வேர்வையில் வகை உண்டு என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பா சுமை தூக்கி வீட்டுக்கு வருவார். அந்த வேர்வை வேறு. இது உட்கார்ந்த இடத்தில் பயத்தில் வருகிற வேர்வை.

"அப்போ என்னதான் கேடு?"

"ஃபைல் சிஸ்டம் குழம்பிப் போச்சு. வீட்டுல சாமான் எல்லாம் அப்படியே இருக்கு சார். எந்த சாமான் எந்த ரூம்ல இருக்குங்கிற நினைப்புதான் போயிடுச்சு. அதான் எந்திரிக்கத் தெரியாம முழிக்குது."

"நினைப்பை எவன் அழிச்சான்? அவன்தானே?"

"பார்த்துச் சொல்றேன். முதல்ல டிஸ்க்கை அப்படியே என் காலி டிஸ்க்ல ஒரு நகல் எடுத்துக்கிறேன். கை வைக்கிறது நகல்லதான். அசல்ல கை வச்சுத் தப்பாப் போச்சுன்னா நான் உங்க மூஞ்சியில முழிக்க முடியாது."

"நகல் எல்லாம் இந்த எடத்தை விட்டு வெளியே போகாது," என்றார் மேனேஜர். "சரி பண்ணு. அவன் என்ன பார்த்தான், எதைக் காப்பி பண்ணினான், எல்லாம் எனக்குத் தெரியணும். தெரிஞ்ச பிறகு நீங்க வீட்டுக்குப் போகலாம்."

'தெரிஞ்ச பிறகு' என்பதை அவர் அழுத்திச் சொன்னார். கடப்பாரை தரையில் ஒரு தட்டுத் தட்டியது. அவன் கை மாற்றிப் பிடித்திருப்பான், அவ்வளவுதான் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

நகல் நத்தையாக ஊர்ந்தது. மேஜைக்கடியிலிருந்து பூட்டின் குரல் வந்தது.

"மேடம், யு.பி.எஸ். நல்லாத்தான் இருக்கு. பேட்டரி புதுசு."

"அதனால?"

"கரண்ட் போனாக்கூட இது தாங்கியிருக்கும். ஆளு நிதானமா அணைச்சிட்டுப் போற அளவுக்குத் தாங்கும். சார் வந்து பார்த்தப்போ இது ஓடிக்கிட்டு இருந்துச்சான்னு கேளுங்க."

மேனேஜர் தானே பதில் சொன்னார். "எங்கே ஓடுச்சு? நேத்து காலையில வந்து பார்க்கறேன், மெயினை இறக்கி வச்சிருக்கான், அதையும் அணைச்சு வச்சிருக்கான், ஜன்னலைக்கூடச் சாத்தியிருக்கான் படுபாவி. நான்தான் எல்லாத்தையும் போட்டேன். போட்டா இந்த வெள்ளை எழுத்து."

மேஜைக்கு அடியில் டார்ச் வெளிச்சம் ஒரு நொடி அசையாமல் நின்றது.

நகல் முடிந்தது. திருப்புளி அதன் மேல் பழுது பார்க்கிற நிரலை ஓடவிட்டாள். அது ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, இது யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, உரிய இடத்தில் சேர்த்தது. சேராதவற்றைத் தனியாக ஒதுக்கியது. அது முடிந்ததும் நகலையே கம்ப்யூட்டரில் மாட்டி, பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரை கறுத்தது. கறுத்தே கிடந்தது. அப்புறம் மெல்ல நீலமாக வெளுத்தது.

"வந்துடுச்சு!" என்று மேனேஜர் கத்தினார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

அவள் முதலில் திறந்தது கம்ப்யூட்டரே எழுதி வைத்திருந்த கடைசிக் குறிப்பை. முறைப்படி அணைக்கப்படவில்லை. பிறகு ஒதுக்கப்பட்ட துண்டுகளில் கடைசியானதைத் திறந்தாள். அவன் அன்று அடித்துக்கொண்டிருந்த வேலை. சேமிக்கிற பொத்தானை அழுத்தியிருக்கிறான். சேமித்து முடிவதற்குள் கம்ப்யூட்டரின் உயிரைப் பிடுங்கியிருக்கிறான். பாதி வரியோடு நின்றிருந்தது.

கெடுக்க நினைத்தவன் இப்படிக் கெடுக்க மாட்டான். அழிப்பான், இல்லை சுத்தியலால் ஒரு போடு போடுவான். டிவியை ரெண்டு தடவை பார்த்து அணைக்கிற பையன் ஒரு வேலை பாதியில் ஓடும்போதே ஸ்விட்சை இறக்கியிருக்கிறான். போனை அணைத்து டப்பாவில் போட்டிருக்கிறான். ஜன்னலைச் சாத்தியிருக்கிறான். ஓடிப்போகிறவன் எவனாவது ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடுவானா?

சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று அவள் தன் வாயைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் வாய் அதிசயமாக அடங்கித்தான் இருந்தது.

பூட்டு திறந்துகொண்டது.

அவர் மேஜைக்கடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார். "சார், முந்தாநாள் எங்கே வெடி வச்சீங்க?"

செத்தோம் என்று திருப்புளி நினைத்தாள்.

மேனேஜர் முகம் வெளிறியது. "யாருய்யா நீ?"

"வெடி வச்சீங்களா இல்லையா?"

"டேய், இவனைப் பிடிடா!"

கடப்பாரைக்காரன் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் கொண்டையிலிருந்து திருப்புளியை உருவினாள். கையில் பிடித்த பிறகுதான், திருகாணி கழற்றுகிற சாமான் கடப்பாரைக்கு எதிரே எவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று தெரிந்தது.

பூட்டு நகரவில்லை. குரலும் உயரவில்லை. "அனுமதி இல்லாம வச்ச வெடி. அதான் எல்லாருக்கும் லீவு குடுத்தீங்க. ஆனா வெடிக்காரர் பழக்கப்பட்ட ஆளு. கைச்சங்கைச் சுத்தி எச்சரிக்காம வெடிப் பொத்தானைத் தொட மாட்டார். சுத்தினார். இந்த அறையில ஒரு பையன் இருந்தது உங்களுக்குத் தெரியாது. அவனுக்கு வெடி இருக்குன்னு யாரும் சொல்லல. திடீர்னு சங்கு. கம்ப்யூட்டரை முறையா அணைக்க நேரமில்ல. மெயினை இறக்கினான், யு.பி.எஸ்ஸை அணைச்சான், போனைப் போட்டான், ஜன்னலைச் சாத்தினான். சின்னப் புள்ளைக்குக்கூடப் பாடம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவன் வெடியைப் பார்த்துட்டு ஆபீசருங்க கிட்ட சொல்ல ஓடிட்டான்," என்றார் மேனேஜர். மிரட்டுகிற தொனி போய்விட்டிருந்தது. "அதான்... எப்ப ஆளுங்க வருவாங்களோன்னு ரெண்டு நாளா நான் சோறு தண்ணி இல்லாம..."

"யாரும் வரலையே சார். ஏன் வரல? வழக்கமா வெடி முடிஞ்சதும் என்ன செய்வீங்க?"

"தலை எண்ணுவோம்."

"அன்னிக்கு எண்ணினீங்களா?"

நடக்கவே இல்லை என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி, மேனேஜர் தானே பாதி நம்பிவிட்ட வெடி அது. நடக்காத வெடிக்கு யார் தலை எண்ணுவார்கள்?

"இங்கேயிருந்து ஓடினா எங்கே பதுங்குவாங்க?" என்று கேட்டது திருப்புளி. குரல் அவளுடையதாகவே இல்லை.

"பின்னாடி... பழைய எண்ணெய் டேங்கை வெட்டிப் புதைச்சு வச்சிருக்கோம். வழக்கமா வெடி வைக்கிறது அந்தக் கோடியில. இது பத்திரமான எடம்."

"முந்தாநாள் எந்தக் கோடியில?"

மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரோட்டில் போகிறவன் கண்ணில் படக் கூடாது என்று, பின்பக்கப் பாறையில்தான் வைத்திருக்கிறார்கள். டேங்குக்கு நேர் மேலே.

"தாழ்ப்பாளைத் திறடா!" என்று அவர் போட்ட கூச்சலில் கடப்பாரைக்காரனே ஒதுங்கினான்.

பின்னால் போய்ப் பார்த்தபோது டேங்க் இல்லை. கற்குவியல் இருந்தது. ஆளுயரக் கல்லும், தலையளவு கல்லும், நொறுங்கினதும். எது கதவு இருந்த இடம் என்று மேனேஜராலேயே காட்ட முடியவில்லை. ஓரத்தில் ஒரு இரும்புக் குழாய் மட்டும் முழங்கால் உயரத்துக்குத் துருத்திக்கொண்டிருந்தது. "மூச்சுக்குழாய்," என்றார். அதன் வாயில் கல்தூள் அப்பியிருந்தது. திருப்புளி மண்டியிட்டு விரலால் தோண்டினாள். நகம் பிய்ந்தது. தூள் உள்ளே சரிந்தது. உள்ளிருந்து புளித்த காற்று ஒன்று மேலே வந்து அவள் முகத்தில் பட்டது.

"தம்பி! உள்ளே இருக்கீங்களா?"

கல் அரைக்கிற மெஷின் அவள் குரலையும் சேர்த்து அரைத்தது.

"மெஷினை நிறுத்தச் சொல்லுங்க!"

மேனேஜர் தயங்கினார். மெஷின் நின்றால் முதலாளிக்கு போன் போகும். அந்தத் தயக்கத்தைப் பார்த்த கடப்பாரைக்காரன் தானே ஓடினான். கொஞ்ச நேரத்தில் மெஷின் முனகி, இருமி, நின்றது. ரெண்டு நாளாகக் குவாரி பார்க்காத அமைதி. அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது, ஏனென்றால் இப்போது உள்ளே யாரும் கூப்பிடவில்லை என்பது தெளிவாகக் கேட்டது.

அவள் ஒரு கல்லை எடுத்துக் குழாயைத் தட்டினாள். காதை வைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள்.

பூட்டு தகர டப்பாவையே ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். தன் போனை உயிர்ப்பித்து, தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார். வாசல் பக்கமிருந்து அக்கா ஓடி வந்தாள். மெஷின் நின்றதும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கல்வேலை செய்கிறவளுக்கு வேலை நேரத்தில் மெஷின் எதற்கு நிற்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள் தம்பியைக் கூப்பிட்டாள், வீட்டில் கூப்பிடுகிற பெயரில்.

கீழே ஏதோ சுரண்டியது.

"அக்கா?" காய்ந்த குரல், மணல் தாளைத் தேய்த்தது போல. "கம்ப்யூட்டரை சரியா அணைக்கலக்கா. நேரமே இல்ல."

திருப்புளி குழாயின் வாயில் குனிந்தாள். "அதை நான் எழுப்பிட்டேன் தம்பி. இப்ப உங்களைத்தான் எழுப்பணும். அடி பட்டிருக்கா?"

"எனக்கு இல்லீங்க. ஒரு குடம் தண்ணி இருந்துச்சு. மூணு பேருக்குப் பத்தல."



"மூணு பேரா?" என்றார் பூட்டு.

"கல்லுல துளை போட வந்த ஆளுங்க, ரெண்டு பேரு. எனக்கு முன்னாடியே ஓடி வந்து உள்ளே இருந்தாங்க."

மேனேஜர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவங்க வெடிக்காரர் வேன்லயே போயிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அவங்க பேரு என்ன?" என்று பூட்டு கேட்டார்.

மேனேஜருக்குத் தெரியவில்லை.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்க வீட்டுல யாரும் வந்து கேக்கலையா?"

"எந்த வீடுன்னே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடப்பாரைக்காரன் ஒரு பெரிய கல்லின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். "அவசரப்படாதீங்கண்ணே, மேலே இருக்கிறதை மொதல்ல எடுங்க, இல்லேன்னா உள்ளே சரியும்," என்று சொல்லிவிட்டு, அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கல்லைத் தூக்கித் தோளில் வைத்தாள்.

"அக்கா," என்றது குழாய். "இவங்கள்ல ஒருத்தர் ரொம்ப நேரமா பேசல. மொதல்ல அவரை எடுங்க."

அவள் கல்லை ஓரமாகப் போட்டுவிட்டு ஓடி வந்து குனிந்தாள். "எல்லாரையும் எடுக்கிறோம். நீ அவரு கையைப் பிடிச்சுக்க. விடாதே."

பதில் வர நேரமானது. சுற்றி நின்ற அத்தனை பேரும் கல்லைக் கையில் ஏந்தியபடியே நின்றார்கள்.

"புடிச்சிட்டுத்தான் இருக்கேன்க்கா," என்றது குரல். "கையில இன்னும் சூடு இருக்கு."